மார்க் வருகிறது, முடிவெடுக்கும் துணிவு வரவில்லை: மூன்றாம் ஆண்டு டிசைன் பாடத்தை எப்படி மாற்றலாம்?

வரைபலகை (கேள்வி)

மூன்றாம் ஆண்டு டிசைன் ப்ராஜெக்ட் பாடத்தை அடுத்த செமஸ்டருக்குத் திருத்தி எழுத வேண்டியிருக்கிறது. 60 பேர், குழுவுக்கு நால்வராக 15 குழுக்கள், 14 வாரம். வாரத்துக்கு மூன்று மணி நேர லேப் ஒன்று, ஒரு மணி நேர வகுப்பு ஒன்று. ஒரே ஆசிரியர், ஒரு லேப் உதவியாளர். ஒவ்வொரு குழுவும் 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் சிறிய சுமைவண்டி ஒன்றைச் செய்ய வேண்டும். சுமையும் தன் எடையும் சேர்த்து 20 கிலோ. 10 டிகிரி சரிவில் விநாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் ஏற வேண்டும்.

சிக்கல் கணக்கில் இல்லை. சமன்பாட்டையும் எண்களையும் கொடுத்தால் பெரும்பாலோர் சரியாகப் போட்டுவிடுகிறார்கள். "மூன்று வழி இருக்கிறது, எதை எடுப்பீர்கள், ஏன்?" என்றால்தான் திணறுகிறார்கள். "சார், நீங்க எந்த விடையை எதிர்பார்க்கிறீங்க?" என்ற கேள்வியே பதிலாக வருகிறது. இந்த மோட்டாரை ஏன் போட்டீர்கள் என்று வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேட்டால் "போன பேட்ச் அதைத்தான் போட்டாங்க" என்கிறார்கள். தொழில் நெறி பற்றித் தனிப் பாடமே இருக்கிறது. அதில் தேர்வும் நன்றாக எழுதுகிறார்கள். ஆனால் லேப்பில் அதன் சாயல்கூடத் தெரிவதில்லை.

இவர்கள் தங்களை மாணவராக மட்டும் பார்க்காமல் பொறியாளராகப் பார்க்கத் தொடங்க வேண்டும். அதற்கு இந்த 14 வாரத்தில் எதைச் சேர்க்கலாம், எதை எடுக்கலாம்? ஊக்கப் பேச்சு வேண்டாம். நாளையே லேப்பில் வைக்கக்கூடிய பயிற்சிகளாகச் சொல்லுங்கள்.

செம்புக்கம்பி

நல்ல கேள்வி ஐயா. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

"நான் பொறியாளர்" என்ற எண்ணம் ஒருவருக்குள் ஊன்ற மூன்று விஷயம் வேண்டும் என்று பொறியியல் கல்வி ஆய்வுகளில் திரும்பத் திரும்பச் சொல்வார்கள்: இந்த வேலையில் ஆர்வம், இதைச் செய்ய முடியும் என்ற திறமை, தன்னைப் பொறியாளராக மற்றவர் மதிப்பது. உங்கள் மாணவர்களிடம் முதல் இரண்டும் ஓரளவு இருக்கின்றன. மூன்றாவதுதான் இல்லை. பாராட்டினால் அது வந்துவிடாது. ஒருவர் எடுத்த முடிவை நம்பி இன்னொருவர் அடுத்த வேலையைச் செய்யும்போதுதான் அந்த மதிப்பு உண்மையாகிறது. தேர்வுத்தாளில் எழுதிய விடையை நம்பி யாரும் எதையும் கட்டுவதில்லை.

தேர்வுக் கணக்கின் அமைப்பே இதற்கு எதிரானது. தேவையான எண்கள் எல்லாம் அதில் இருக்கும், தேவையில்லாத எண் ஒன்றும் இருக்காது, விடை ஒன்றே ஒன்று. மூன்று வருடம் அதில் பழகியவரிடம் திடீரென்று "நீயே முடிவு செய்" என்றால், கேள்வியில் ஏதோ விட்டுப்போய்விட்டது என்றுதான் அவருக்குத் தோன்றும். அதனால் முதல் வாரத்திலேயே வண்டியைக் கொடுக்காதீர்கள். முதல் இரண்டு வாரம் சின்னதாக, இரண்டே லேப்பில் முடிகிற, எண் ஒன்று வேண்டுமென்றே விடுபட்ட ஒரு பிரச்சினையைக் கொடுங்கள். உங்கள் வண்டியிலேயே அது இருக்கிறது: 12 வோல்ட்டிலிருந்து கன்ட்ரோலருக்கும் சென்சார்களுக்கும் 5 வோல்ட், 0.5 ஆம்பியர் எடுக்க வேண்டும்.

எல்லோரும் 7805 ரெகுலேட்டர் (5 வோல்ட்டுக்கு மேல் உள்ளதை வெப்பமாக வெளியேற்றும் சில்லு) போடுவார்கள். சர்க்யூட் சரி, மீட்டரில் 5 வோல்ட் வரும், மாணவர் கண்ணில் வேலை முடிந்தது. இப்போது வெப்பத்தைக் கணக்கிடச் சொல்லுங்கள். (12 − 5) × 0.5 = 3.5 வாட். ஹீட்சிங்க் (வெப்பத்தைக் காற்றில் விடும் உலோகத் துண்டு) இல்லாத டிஓ-220 என்ற அதன் உறைக்கு, உள்ளே இருக்கும் சில்லிலிருந்து காற்றுவரை வாட்டுக்குச் சுமார் 65 டிகிரி ஏறும் என்று டேட்டாஷீட்டில் (தயாரிப்பாளர் தரும் விவரத்தாளில்) இருக்கும். 3.5 × 65 என்றால் 227 டிகிரி ஏற்றம். தாங்கும் வரம்போ 125. சில்லு எரியாது, ஏனென்றால் உள்ளேயே வெப்பத் தடுப்பு இருக்கிறது. அது 5 வோல்ட்டை வெட்டும், ஆறியதும் திரும்பக் கொடுக்கும். கன்ட்ரோலர் ஓடிக்கொண்டிருக்கும்போதே ரீசெட் ஆகும். மாணவர்கள் இரண்டு நாள் புரோகிராமில் தப்புத் தேடுவார்கள். அந்தத் தேடலை நடுவில் நிறுத்தாதீர்கள். ரெகுலேட்டருக்கு மேல் வெப்பமானியைப் பிடித்துப் பார்க்க அவர்களுக்கே தோன்றட்டும். தோன்றவில்லையென்றால் இரண்டாவது லேப்பில் வெப்பமானியை மேசையில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

அடுத்தது ஹீட்சிங்க் தேர்வு. சுற்றுவெப்பம் 40 டிகிரி என்றால் ஏறக்கூடியது 85. 85 ÷ 3.5 = 24. அதில் சில்லிலிருந்து உறைக்கு 5, இடையில் பூசும் பேஸ்ட்டுக்கு 1 கழித்தால், வாட்டுக்கு 18 டிகிரி அல்லது அதற்குக் குறைவான ஹீட்சிங்க் வேண்டும் என்று எழுதுவார்கள். இங்கேதான் விடுபட்ட எண் வருகிறது. "12 வோல்ட்" பேட்டரி சார்ஜில் இருக்கும்போது 14.4 வோல்ட் வரை போகும். அப்போது 4.7 வாட். அதே கணக்கில் ஹீட்சிங்க் 12 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சார்ஜ் ஆகும்போது வண்டி ஓடுமா ஓடாதா? கேள்வித்தாளில் இல்லை. யாராவது முடிவு செய்து, எழுதி, பொறுப்பேற்க வேண்டும். அல்லது சுவிட்சிங் மாட்யூல் (மின்சாரத்தை வேகமாக விட்டு விட்டுக் கொடுத்து வோல்ட்டைக் குறைப்பது) போடலாம்: 85 சதவீதத் திறன் என்றால் இழப்பு 0.44 வாட்தான், ஹீட்சிங்கே வேண்டாம். ஆனால் அதன் அலைவு அனலாக் சென்சாரின் அளவீட்டில் புகும், வடிகட்டி வேண்டும். மூன்று வழியும் சரி. மூன்றுக்கும் விலை உண்டு.

இதற்கு விடையாக ஒரு பக்க முடிவுக் குறிப்பு கேளுங்கள். என்ன முடிவு என்பது முதல் வரியில். பிறகு பார்த்த மாற்று வழிகள், தள்ளியதற்குக் காரணம் எண்ணோடு. பிறகு அனுமானங்கள்: எது அளந்தது, எது டேட்டாஷீட், எது ஊகம் என்று பிரித்து. கடைசியில் "எது மாறினால் இந்த முடிவு மாறும்" என்ற ஒரு வரி, பெயர், தேதி. அந்தக் கடைசி வரிதான் இதில் உயிர். "சார்ஜ் ஆகும்போதும் வண்டி ஓட வேண்டும் என்றால் இந்த ஹீட்சிங்க் போதாது" என்று ஒரு மாணவர் எழுதிவிட்டால், அதற்கப்புறம் அவர் உங்களிடம் சரியான விடை எது என்று கேட்கமாட்டார். விடை எதைப் பொறுத்தது என்று கேட்பார்.

முதல் தடவை வரும் குறிப்புகள் மோசமாகத்தான் இருக்கும். முடிவை முதலில் எடுத்துவிட்டு, மாற்று வழி என்ற பெயரில் வேண்டுமென்றே நோஞ்சானாக இரண்டைச் சேர்ப்பார்கள். "விலை அதிகம்", "சிக்கலானது" என்ற சொற்கள் எண் இல்லாமல் வரும். அப்படி வந்தால் மார்க் குறைக்காமல் திருப்பிக் கொடுத்து, எண் போட்டு வாங்குங்கள்.

நட்டும்போல்ட்டும்

செம்புக்கம்பி சொன்ன பெயர், தேதி என்ற அந்தக் கடைசி வரியைப் பிடித்துக்கொண்டு தொடர்கிறேன். எழுதியவர் பெயர் மட்டும் போதாது. சரிபார்த்தவர் பெயரும் வேண்டும். வடிவமைப்பு அலுவலகத்தில் எந்த வரைபடத்தின் பெயர்க்கட்டத்திலும் வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் தந்தவர் என்று மூன்று கட்டம் இருக்கும். மாணவர் வரைபடத்தில் மூன்றிலும் ஒரே கையெழுத்து, அல்லது மூன்றும் காலி.

ஒவ்வொரு குழுவின் கணக்கையும் வேறொரு குழு சரிபார்க்கட்டும். 1-ஆம் குழுவை 2, 2-ஐ 3 என்று சங்கிலியாக. ஒன்றை ஒன்று மாற்றிப் பார்க்கும் ஜோடியாக வைக்காதீர்கள். ஜோடி என்றால் "நீ என்னுடையதில் போடு, நான் உன்னுடையதில் போடுகிறேன்" என்று ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

சரிபார்ப்பவருக்கு ஒரே விதி: அதே தாளை மேலிருந்து கீழே படித்து டிக் அடிக்கக் கூடாது. வேறு வழியில் அதே எண்ணுக்கு வர வேண்டும். உங்கள் வண்டியையே எடுத்துக்கொள்வோம். முதல் குழு விசை வழியில் போகும்: 20 × 9.81 × சைன் 10° = 34 நியூட்டன், உருளும் தடை 0.03 என்று வைத்தால் இன்னும் 6, மொத்தம் 40. சக்கர ஆரம் 5 செ.மீ., ஆகவே முறுக்கு (சக்கரத்தைச் சுழற்றும் விசையின் அளவு) 2 நியூட்டன்-மீட்டர், இரண்டு மோட்டாருக்குத் தலா 1. சரிபார்ப்பவர் ஆற்றல் வழியில் வரட்டும்: விநாடிக்கு 0.5 மீட்டர் ஓடினால் உயரம் விநாடிக்கு 0.087 மீட்டர் கூடுகிறது. எடை 196 நியூட்டன், ஆகவே 17 வாட், உருளும் தடைக்கு 3, மொத்தம் 20 வாட். சக்கரம் விநாடிக்கு 10 ரேடியன் சுற்றுகிறது, 20 ÷ 10 = 2. பொருந்துகிறது. முதல் குழு ஆரத்துக்குப் பதில் விட்டத்தைப் போட்டிருந்தால் அங்கே 4 வந்திருக்கும், இங்கே 2 வரும். அதே தாளை மேலிருந்து படித்திருந்தால் அந்தத் தப்பு கண்ணில் படாது, ஏனென்றால் பெருக்கல் சரியாகத்தான் இருக்கும்.

ஆற்றல் வழியில் இன்னொரு லாபமும் உண்டு. மோட்டார், கியர் எல்லாம் சேர்த்து 50 சதவீதத் திறன் என்றால் பேட்டரியிலிருந்து 40 வாட், அதாவது 3.3 ஆம்பியர். குழு 3 ஆம்பியர் ஃப்யூஸ் போட்டிருந்தால் இங்கேயே தெரிந்துவிடும். மோட்டார் டேட்டாஷீட்டில் பெரிதாக அச்சிட்டிருப்பது தடைபட்டு நிற்கும்போதுள்ள முறுக்கு. அதைத் தொடர்ந்து ஓடும் முறுக்காக எடுத்துக்கொண்டு 1.2 நியூட்டன்-மீட்டர் மோட்டாரை வாங்கிவிடுவார்கள். சரிவில் பாதி தூரம் ஏறி, சூடேறி நின்றுவிடும். பிரஷ் வைத்த டிசி மோட்டாரை அந்த உச்ச முறுக்கில் நான்கில் ஒரு பங்கு, மிஞ்சிப்போனால் மூன்றில் ஒரு பங்குக்குள் ஓட்ட வேண்டும். இதையும் சரிபார்ப்பவரின் தாளில் ஒரு கேள்வியாக வையுங்கள்.

சரிபார்ப்பு உண்மையாக நடக்கிறதா என்று பார்க்க, ஐந்தாவது வாரத்தில் நீங்களே ஒரு கணக்குத் தாளைத் தயாரித்து, தெரிந்தே நான்கு பிழைகள் வைத்து எல்லோருக்கும் கொடுங்கள். ஒன்று அலகுப் பிழை, ஒன்று ஆரம்-விட்டம், ஒன்று தவறான அனுமானம், ஒன்று விட்டுப்போன சுமை. முதல் இரண்டைப் பலர் பிடிப்பார்கள். கடைசி இரண்டையும் பிடிப்பவர்கள் குறைவு. தாளில் எழுதாததைத் தேடும் பழக்கம் மாணவருக்கு எங்கும் கற்றுத்தரப்படுவதில்லை.

இனி மாற்றங்கள். டிசைனை விட, டிசைனில் நடுவில் செய்யும் மாற்றம்தான் ஆபத்தானது. அமெரிக்காவில் கான்சஸ் சிட்டி ஹயட் ரீஜன்சி ஓட்டலில் 1981 ஜூலை 17 அன்று தொங்கு நடைபாதைகள் விழுந்து 114 பேர் இறந்தார்கள். மூல வடிவில், நான்காம் மாடி நடைபாதையும் அதற்கு நேர் கீழே இரண்டாம் மாடி நடைபாதையும் கூரையிலிருந்து வரும் ஒரே நீளக் கம்பியில் தொங்க வேண்டும். செய்வதற்கு வசதியாக அது இரண்டு கம்பியாக மாற்றப்பட்டது: மேல் நடைபாதை கூரையிலிருந்து, கீழ் நடைபாதை மேல் நடைபாதையின் உத்தரத்திலிருந்து. கயிற்றில் தொங்கும் இருவர் ஆளுக்கொரு பிடி பிடிப்பதற்குப் பதிலாக, கீழே உள்ளவர் மேலே உள்ளவர் காலைப் பிடித்துக்கொண்டால் என்ன ஆகும்? கயிற்றுக்கு மொத்தச் சுமை அதேதான், மேலே உள்ளவர் கைப்பிடிக்கு இரட்டிப்பு. அங்கேயும் மேல் உத்தரத்தின் அடியில் இருந்த நட்டுக்குச் சுமை இரட்டிப்பானது. மூல வடிவின் அந்த இணைப்பே விதி கேட்ட வலுவில் சுமார் 60 சதவீதம்தான் கொண்டிருந்தது என்று பின்னால் நடந்த விசாரணை கண்டது. மாற்றம் காட்டிய பட்டறை வரைபடங்களில் பொறியாளரின் ஒப்புதல் முத்திரை இருந்தது. மாற்றிய அந்த இணைப்புக்கு யாரும் கணக்குப் போடவில்லை. பொறுப்பான பொறியாளர்கள் உரிமத்தை இழந்தார்கள். கனடாவின் கியூபெக் பாலமும் அப்படித்தான்: நடு இடைவெளி 1,600 அடியிலிருந்து 1,800 அடியாக நீண்டது, கூடிய தன் எடைக்குத் திரும்பக் கணக்குப் போடவில்லை, 1907 ஆகஸ்ட் 29 அன்று கட்டும்போதே விழுந்து 75 பேர் இறந்தார்கள்.

இந்தக் கதைகளை ஸ்லைடில் சொல்லிவிட்டு நகராதீர்கள். இரண்டு கம்பி வரைபடத்தை முதலில் கையில் கொடுத்து, "இந்த மாற்றத்துக்கு ஒப்புதல் கேட்கிறார்கள், 20 நிமிடம், கையெழுத்துப் போடலாமா?" என்று கேளுங்கள். நட்டுக்கு மட்டும் விசை வரைபடம் போட்டவர் கண்டுபிடித்துவிடுவார். கம்பியை மட்டும் சோதித்தவர் கையெழுத்துப் போட்டுவிடுவார். ஓட்டலின் பெயரையும் இறந்தவர் எண்ணிக்கையையும் அதற்கப்புறம் சொல்லுங்கள். அவர்களும் தங்கள் பெயரை எழுதிவிட்டு உட்கார்ந்திருப்பார்கள்.

பணிமனைச்சுவர்

மேலே இரண்டு பேரும் சொன்னது சரி. ஆனால் 14 வாரத்தில் இத்தனையும் வைத்தால் வண்டி ஓடாது, தாள்தான் ஓடும். முடிவுக் குறிப்பு மொத்தம் மூன்றே மூன்று போதும்: மின்வழங்கி, மோட்டார், வண்டியின் சட்டகம். ஒவ்வொன்றும் ஒரு பக்கம். இரண்டாவது பக்கம் வந்தால் வாசிக்காதீர்கள். ஆறாவது வாரத்துக்குள் ஏதோ ஒன்று, எவ்வளவு கோணலாக இருந்தாலும், சமதளத்தில் ஓடியிருக்க வேண்டும். கையில் பொருள் இல்லாமல் எழுதும் அனுமானம் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும்.

வாரக் குறிப்பேட்டை வெட்டி ஒட்டும் ஃபைலாக வைக்காதீர்கள். தைத்த நோட்டு, பக்க எண், பேனா. தப்பை ஒற்றைக் கோட்டால் அடிக்க வேண்டும், அழிக்கக் கூடாது. தோல்வியுற்ற அளவீடும் அதில் இருக்க வேண்டும். "கம்பி கழன்றது" என்ற ஒரு வரி, எட்டாவது வாரத்தில் அதே கோளாறு திரும்ப வரும்போது மிகவும் உதவும்.

இன்னொன்று, இதை அழுத்திச் சொல்கிறேன். நால்வர் குழுவை அப்படியே விட்டால் இரண்டாவது வாரத்திலேயே வேலை உறைந்துவிடும். புரோகிராம் தெரிந்தவர் புரோகிராம், கை பழகியவர் வெல்டிங், மீதி இருவருக்கு அறிக்கையும் ஸ்லைடும். குழுவில் ஒரே ஒரு பெண் இருந்தால் அறிக்கை பெரும்பாலும் அவரிடம் போய் நிற்கும். செமஸ்டர் முழுக்க அறிக்கை மட்டும் எழுதியவருக்கு அந்த வண்டி தன்னுடையது என்ற எண்ணம் எங்கிருந்து வரும்? ஆகவே பொறுப்பைச் சுற்றில் விடுங்கள். கணக்கு, தயாரிப்பு, சோதனை, ஆவணம் என நான்கு. மூன்று வாரத்துக்கு ஒருமுறை மாறும். வேகம் குறையும், குறையட்டும். மாறும் நாளில் பழையவர் புதியவருக்கு அரைப் பக்க ஒப்படைப்புக் குறிப்பு தர வேண்டும்: எது முடிந்தது, எது பாதியில், எதைத் தொடக்கூடாது, ஏன். ஒருவர் முடிவை நம்பி இன்னொருவர் வேலை செய்வது என்று செம்புக்கம்பி சொன்னது குழுவுக்குள்ளேயே நடப்பது இந்தக் கைமாற்றத்தில்தான்.

வரைபலகை

மூவருக்கும் நன்றி. நோட்டு, சுழற்சி, சங்கிலிச் சரிபார்ப்பு மூன்றையும் எடுத்துக்கொள்கிறேன். இரண்டு சந்தேகம். வண்டி ஏறவில்லை, ஆனால் குறிப்புகள் நன்றாக இருக்கின்றன என்றால் எப்படி மார்க் போடுவது? எதிர்மாறாகவும் நடக்கும்: இன்னொரு குழுவின் மோட்டாரைப் பார்த்துப் போட்டு வண்டி அருமையாக ஏறும், காரணம் ஒருவருக்கும் தெரியாது. அடுத்து, குழு மார்க்கைத் தனியாள் மார்க்காக எப்படிப் பிரிப்பது?

செம்புக்கம்பி

முடிவின் தரம் வேறு, விளைவு வேறு என்று பிரித்தே போட வேண்டும். ஒரு பங்கீடு: மூன்று முடிவுக் குறிப்புக்கு 30, சரிபார்ப்பு வேலைக்கு 20, சோதனை அறிக்கைக்கு 20, வண்டியின் செயல்பாட்டுக்கு 15, தனி வைவாவுக்கு 15. ஏறாத வண்டிக்கு அதிகபட்ச இழப்பு 15. ஆனால் ஏன் ஏறவில்லை என்று அளவீட்டோடு சோதனை அறிக்கையில் காட்டாவிட்டால் அந்த 20-லும் அடி விழும். "மோட்டார் போதவில்லை" என்பது காரணமல்ல. ஏறும்போது மோட்டார் முனையில் மின்னழுத்தம் எவ்வளவு, மின்னோட்டம் எவ்வளவு என்று வேண்டும். பல வண்டிகளில் மோட்டார் நன்றாகவே இருக்கும். மெல்லிய கம்பியிலும் தளர்ந்த கனெக்டரிலும் இரண்டு வோல்ட் தொலைந்திருக்கும்.

சரிபார்ப்புக்கு 20 கொடுப்பது சிலருக்கு அதிகமாகத் தோன்றலாம். குறைக்காதீர்கள். அடுத்த குழுவின் வண்டி தன் கையெழுத்துக்கப்புறம் ஃப்யூஸ் போய் நின்றால் அந்த 20-இல் குறையும் என்று தெரிந்தால்தான் பேனாவை எடுக்கும் முன் யோசிப்பார்கள்.

தனியாள் மார்க்குக்கு, 7-ஆம் வாரமும் 13-ஆம் வாரமும் குழுவினர் ஒருவரை ஒருவர் ரகசியமாக மதிப்பிடட்டும். 5-க்கு எவ்வளவு என்று வெறுமனே கேட்டால் எல்லோரும் எல்லோருக்கும் 5 போடுவார்கள். செயலைக் கேளுங்கள்: சொன்ன நாளில் வேலையை முடித்தாரா, மற்றவர் கணக்கைக் கேள்வி கேட்டாரா, ஒப்படைப்புக் குறிப்பு பயன்பட்டதா. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி உதாரணம் கட்டாயம். பிறகு ஒருவரின் சராசரியைக் குழுச் சராசரியால் வகுத்தால் அவருடைய காரணி. நால்வர் பெற்றது 4.5, 4, 4, 2.5 என்றால் குழுச் சராசரி 3.75, காரணிகள் 1.2, 1.07, 1.07, 0.67. மேலே 1.05, கீழே 0.8 என்று வரம்பு கட்டுங்கள். குழு மார்க் 70 என்றால் மூவருக்கு 73.5, ஒருவருக்கு 56. 0.8-க்குக் கீழே யாராவது வந்தால் எண்ணைப் போடுவதற்கு முன்னால் அவரை அழைத்துப் பேசிவிடுங்கள். சோம்பல் மட்டுமே காரணமாக இருக்காது. மற்ற மூவரும் நண்பர்களாக இருந்து இவரை ஒதுக்கியிருக்கலாம். 7-ஆம் வாரத்து மதிப்பீட்டை மார்க்கில் சேர்க்காமல், திருந்துவதற்கு மட்டும் காட்டுவது நல்லது.

பாடத்திட்டக் குழு இதற்கு ஆதாரம் கேட்டால் கவலை வேண்டாம். பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்பதற்காக 1989-இல் கையெழுத்தான வாஷிங்டன் ஒப்பந்தத்தின் பட்டதாரிப் பண்புகளில் (பட்டதாரியிடம் எதிர்பார்க்கும் திறன்களின் பட்டியலில்) தொழில் நெறி, தனியாள் மற்றும் குழுப் பணி, தொடர்பாற்றல் எல்லாம் தனித்தனியாகவே இருக்கின்றன. சிக்கலான பொறியியல் பிரச்சினை என்றால் முரண்படும் தேவைகள் கொண்டது, வெளிப்படையான தீர்வு இல்லாதது என்று விளக்கமும் இருக்கிறது. அதைக் காட்டி வாதாடலாம்.

அச்சாணி

தொழில் நெறி பாடத்தையும் இதையும் சேர்ப்பது பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நெறியைத் தனி வாரமாக வைத்தால் அது தனி வாரமாகவே போய்விடும். வண்டியில் ஒரு நெருக்கடி வரும் வாரத்தில் வையுங்கள். 11-ஆம் வாரம் என்றால் பொருத்தமாக இருக்கும். டெமோ நெருங்கிவிட்டது, சோதனை முடியவில்லை, "ஓடிய ஒரு ஓட்டத்தை மட்டும் காட்டிவிடலாமே" என்ற எண்ணம் எல்லாக் குழுவிலும் தலைதூக்கும். அந்த வாரம் அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலத்தை ஏவ எடுத்த முடிவைப் பாடமாக எடுங்கள். 1986 ஜனவரி 28 காலையில் ஏவினார்கள். முந்தைய இரவு தொலைபேசிக் கூட்டத்தில், ராக்கெட் செய்த நிறுவனத்தின் பொறியாளர்கள் குளிரில் ஓ-ரிங் (ராக்கெட்டின் இணைப்பை அடைக்கும் ரப்பர் வளையம்) இறுக்கமாக அடைக்காது என்று ஏவுதலை எதிர்த்தார்கள். கூட்டத்தைச் சற்று நிறுத்தியபோது, பொறியியல் பிரிவின் தலைவரிடம், பொறியாளர் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு நிர்வாகித் தொப்பியைப் போட்டுக்கொள்ளச் சொன்னார் மேலதிகாரி. அதன்பின் நிறுவனத்தின் நிலை மாறியது. ஏவிய சற்று நேரத்தில் விண்கலம் சிதறி, அதில் இருந்த ஏழு பேரும் இறந்தார்கள்.

இதை மாணவர்கள் பெரும்பாலும் நல்லவர்-கெட்டவர் கதையாக வாசித்துவிடுவார்கள். அப்படி விடாதீர்கள். இரண்டு விஷயத்தைக் காட்டுங்கள். ஒன்று, அன்றிரவு காட்டிய தரவில் ஓ-ரிங் சேதமான ஏவுதல்கள் மட்டுமே வெப்பநிலையோடு பார்க்கப்பட்டன. சேதமில்லாத ஏவுதல்களையும் சேர்த்துப் புள்ளி வைத்திருந்தால், சேதமில்லாதவை எல்லாம் வெப்பமான நாள்களில்தான் என்பது தெரிந்திருக்கும். எதிர்த்தவர்கள் சரியாகத்தான் இருந்தார்கள், ஆனால் அவர்கள் வாதம் காகிதத்தில் பலவீனமாக இருந்தது. "ஓடிய ஓட்டத்தை மட்டும் காட்டுவது" எவ்வளவு விலை பிடிக்கும் என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம். இரண்டு, அந்தத் தொப்பிப் பேச்சு. ஒரே ஆளுக்குள் இருக்கும் இரண்டு அடையாளத்தில் எது முடிவெடுக்க வேண்டும் என்பதுதான் அங்கே கேட்கப்பட்டது. மாணவருக்கும் அதே கேள்வி உண்டு, மார்க் வாங்கும் ஆளா, வண்டிக்குப் பொறுப்பான ஆளா என்று. வகுப்பில் இதை நேரடியாகவே கேட்கலாம்.

அதே வாரம் தோல்வியுற்ற ஓட்டங்கள் உட்பட எல்லா ஓட்டத்தையும் அட்டவணையாகக் கேளுங்கள். பத்து ஓட்டத்தில் ஆறு ஏறியது என்று எழுதிய குழு, ஒரே ஓட்டத்தின் வீடியோ காட்டிய குழுவைவிட அதிக மார்க் வாங்க வேண்டும். அது மார்க் பட்டியலில் தெரியாவிட்டால் மேலே சொன்ன எதையும் அவர்கள் நம்பமாட்டார்கள்.

சுயசிந்தனைக் குறிப்பு எழுதச் சொல்வதாக இருந்தால் கேள்வியைக் கூர்மையாக வையுங்கள். "என்ன கற்றீர்கள்?" என்றால் "குழுப்பணியின் அருமையை உணர்ந்தேன்" என்று வரும். "இந்த வாரம் யாருடைய எண்ணை நீங்கள் சோதிக்காமல் நம்பினீர்கள், ஏன்?" என்று கேட்டால் உருப்படியாக நாலு வரி வரும். இன்டர்ன்ஷிப் நாள்குறிப்புக்கும் இதே முறை. சுற்றிப் பார்த்த இயந்திரங்களின் பட்டியல் வேண்டாம். அங்கே எடுக்கப்பட்ட ஒரு முடிவு, அதை எடுத்தவர் எந்தப் பொறுப்பில் இருந்தார், கையில் என்ன தரவு இருந்தது, என்ன இல்லை. வாரத்துக்கு ஒன்று போதும். நிறுவனத்திடம் முன்கூட்டியே பேசி, சிறியதானாலும் இன்னொருவர் பயன்படுத்தும் ஒரு வேலையை வாங்கித் தாருங்கள்: அளவுக்கருவி ஒன்றின் அளவுத்திருத்தப் பதிவு, உதிரிபாகப் பட்டியலை வரைபடத்தோடு ஒப்பிடுவது, ஒரு சோதனை அறிக்கையின் முதல் வரைவு. சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் 1906-இல் படிப்பையும் தொழிற்சாலை வேலையையும் மாற்றி மாற்றி வைத்த முறையைத் தொடங்கியபோதும் அடிப்படை இதுதான்: மாணவர் அங்கே பார்வையாளர் இல்லை, வேலையாள்.

வரைபலகை

மிகவும் பயனுள்ளதாக இருக்கிறது. கடைசியாக ஒன்று: முடிவுக் குறிப்பையே ஏஐ கருவியிடம் எழுதி வாங்கிவிடுவார்களே? ஒரு பக்கம், மாற்று வழிகள், அனுமானங்கள் என்ற வடிவம் அதற்கு மிகவும் எளிது.

நட்டும்போல்ட்டும்

எழுதி வாங்கட்டும். தடுக்கப் பார்த்தால் உங்கள் நேரம்தான் போகும். ஆனால் குறிப்பில் வரும் அளவீடுகள் நோட்டின் பக்க எண்ணோடு வர வேண்டும். அந்தப் பக்கத்தில் மீட்டரின் எண், தேதி, யார் அளந்தது என்பது பேனாவில் இருக்க வேண்டும். கருவியால் அவர்கள் ரெகுலேட்டரின் வெப்பத்தை அளக்க முடியாது.

தனி வைவாவை நான்கு நிமிடமாக வைத்து, ஒரே ஒரு எண்ணை மாற்றிக் கேளுங்கள். சரிவு 10-க்குப் பதில் 15 டிகிரி, என்ன ஆகும்? விசை 34-லிருந்து 51 நியூட்டனாகும், தடையோடு 57 என்று துல்லியமாகச் சொல்ல வேண்டியதில்லை. "முறுக்கு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும், அப்போது எங்கள் மோட்டார் உச்ச முறுக்கில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டும், முதலில் கியர் விகிதத்தை மாற்றிப் பார்ப்போம், வேகம் குறையும், அது உங்களுக்குச் சரியா?" என்று ஒருவர் உங்களிடமே திருப்பிக் கேட்டால் முழு மார்க் போடுங்கள். அறுபது பேருக்கு நான்கு நிமிடம் என்றால் நான்கு மணி நேரம். கடைசி இரண்டு லேப்பிலும் வண்டிகள் ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஒவ்வொருவராகச் சரிவுக்குப் பக்கத்தில் நிறுத்தி முடித்துவிடலாம்.